நாற்பதாம் பக்கத்தில் ஒரு பேர்

அந்தப் பையைக் கீழ வெச்சுராதீங்க தம்பி, தண்ணி ஓடுது. மடியிலயே இருக்கட்டும். கனமாத்தான் இருக்கும், எல்லாம் புத்தகம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடணும்னு வந்தாரு. நான்தான் ஓணான் மாமான்னு சொன்னேன், பேசாம போயிட்டாரு. அவரு பொண்ணுக்கு நம்ம புத்தகம் தெரியுமாம். பெருமைக்குச் சொல்லலீங்க, நடந்ததைச் சொல்றேன்.

நெசப் பேரு குழந்தைவேலு. ஐ.டி.ஐ.யில இருபத்தெட்டு வருசம் படம் வரையச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருங்க. மிஷின் பாகம், நட்டு, போல்ட்டு, எதுவா இருந்தாலும் அளவு பிசகாம வரையணும். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சு, பூச்சி, பறவை, மரம்னு வரைஞ்சு, குழந்தைகளுக்குப் புத்தகம் போட ஆரம்பிச்சேன். பதினாலு ஆச்சு. என்ற கழுத்தைப் பாத்துட்டு ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு வாண்டு ஓணான் மாமான்னு கூப்பிட்டுச்சு, அதுவே பேராப் போச்சு. வீட்டுல அவளுக்குப் பிடிக்கலை. எனக்குப் பிடிச்சிருந்துதுங்க. இதுவரைக்கும் இருநூத்திப் பன்னண்டு பள்ளிக்கூடம் போயிருக்கேன். இன்னிக்குப் போறது இருநூத்திப் பதிமூணு.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? அப்ப நேரம் இருக்குது. மனசுல ஒண்ணு கெடந்து அரிச்சுட்டே இருக்குதுங்க. வீட்டுல சொன்னா அவ எந்திரிச்சு உள்ள போயிர்றா. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டத்தான் இதைச் சொல்ல முடியும்.

காட்டைப் பத்தி எழுதறவன் காட்டுக்குள்ள போகணுமில்லீங்களா. இப்பல்லாம் நெனச்ச நேரத்துக்குப் போயிர முடியாது. பர்மிஷன் வேணும், அதுக்கு ஒரு லெட்டரு, அந்த லெட்டருக்கு இன்னொரு லெட்டரு. மூணு தடவை எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. அப்பத்தான் வெள்ளிங்கிரி பழக்கமானாரு. கல்லாத்துப்பதிக்காரரு. பதின்னா மலையடிவாரத்துல அவங்க சனம் குடியிருக்கற ஊருங்க. காட்டிலாகாவுல வாட்சர் வேலை. வேட்டைக்காரன் நுழையாம, தீப் பிடிக்காம காட்டைச் சுத்தி வரணும். ஒம்பது வருசமா டெம்ப்ரவரி. அடுத்த வருசத்தோட பத்து வருசம் முடிக்கறவங்களைப் பெர்மனென்ட் பண்றதா ஒரு லிஸ்ட்டு தயாராயிட்டிருந்துது, அதுல இவரு பேரும் இருந்துது. மனுசன் பேசவே மாட்டாரு. நான் பேசுவேன், அவரு நடப்பாரு. அதனாலயே ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு.

போன வருசத்துக்கு முந்தின வருசம், மாசி மாசம். ஒரு நாள் விடியக்காலையில வரச் சொல்லி, செக்போஸ்ட்டைச் சுத்திக்கிட்டு, பள்ளத்துக்குள்ள எறங்கி, ஓடைத் தண்ணியோடயே என்னைக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டரை கிலோமீட்டர். அங்க ஒரு தான்றி மரம். ரெண்டு ஆளு கட்டிப்பிடிச்சாலும் எட்டாது. மேல ஒரு பொந்து. பொந்து வாயை மண்ணு வெச்சுப் பூசியிருக்குது, நடுவுல வெரல் நொழையற அளவுக்கு ஒரு கீத்து. அந்தக் கீத்துல ஒரு மூக்கு மட்டும் தெரியுது.

இருவாச்சிங்க. கேள்விப்பட்டிருப்பீங்க. முட்டை வெக்கற காலத்துல பொட்டைப் பறவை பொந்துக்குள்ள போயி, தன்னைத் தானே வெச்சுப் பூசிக்கும். றெக்கை எறகெல்லாம் உதுத்துரும். பறக்க முடியாது, வெளிய வர முடியாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஆம்பளைப் பறவை பழம் கொண்டாந்து அந்தக் கீத்து வழியாக் குடுத்தாத்தான் உள்ள இருக்கறதுக்குச் சோறு. அது வரலைன்னா அவ்வளவுதான். நான் அன்னிக்குப் பாத்தேன் தம்பி. ஆம்பளை வந்து உக்காந்து, தொண்டைக்குள்ள இருந்து ஒவ்வொரு பழமா எடுத்து எடுத்துக் குடுக்குது. இருபத்தி மூணு பழம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெள்ளிங்கிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, நான் அழுகறதைப் பாக்கக்கூடாதுன்னு. அந்த அளவுக்கு மரியாதை தெரிஞ்ச மனுசன்.

திரும்பி வர்றப்பத்தான் ஒண்ணு சொன்னாரு. "சார், பறவையப் பத்தி எழுதுங்க. எடத்த மட்டும் எழுதிராதீங்க."

நான் எழுதலைங்க. சத்தியமா எழுதலை. கதையில எங்கயும் எடத்தோட பேரு வராது. கடைசிப் பக்கத்துல ஒரு வரைபடம் போட்டேன், அவ்வளவுதான். படம் போட்டா அளவோட போடணும், அது இருபத்தெட்டு வருசப் பழக்கம். வடக்குக் குறி, அளவுகோல், பள்ளம் எங்க வளையுது, பாறை எங்க இருக்குது, எல்லாம் சரியா வந்துருச்சு. பள்ளத்து வழியைப் புள்ளி புள்ளியாக் காட்டி, 'இந்த வழி நிழலாக இருக்கும்'னு போட்டிருந்தேன். அது நெழலான வழிதானுங்க. செக்போஸ்ட்டுக்குத் தெரியாத வழின்னு நான் எங்கயும் சொல்லலை. குழந்தைக பாக்கற படத்துல தப்பா ஒரு கோடு போடறதுக்கு எனக்குக் கை வராது தம்பி.

அப்புறம் நன்றி சொல்லணுமில்லீங்களா. அவ்வளவு பெரிய உதவி பண்ணுன மனுசன். நாற்பதாம் பக்கத்துல அவருக்குன்னு தனியா ஒரு கட்டம் கட்டினேன். 'இந்த மரத்தை எனக்குக் காட்டிய வாட்சர் ர. வெள்ளிங்கிரி, கல்லாத்துப்பதி, அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.' கீழ தேதியும், காலை ஏழு மணின்னு நேரமும் போட்டேன். எத்தனை பேரு பேரைப் போடறாங்க சொல்லுங்க? கூட்டிட்டுப் போனவன் கையைக் குலுக்கிட்டு வந்துருவாங்க. நான் இனிஷியலோட போட்டேன்.

புத்தகம் நல்லாப் போச்சுங்க. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக் கூப்பிட்டாங்க. போற எடமெல்லாம் இருவாச்சி மாதிரிக் கத்திக் காட்டுவேன், குழந்தைக விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியா, "போய்ப் பாருங்க சாமி, உங்கப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, படம் பின்னாடி இருக்குது"ன்னு முடிப்பேன். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் தனித்தனியாத்தான் சொன்னேன். எல்லாரும் ஒரே மாசத்துல கெளம்பிப் போவாங்கன்னு யாரு கண்டா?

அடுத்த மாசியில கெளம்பிட்டாங்க. காரு, வேனு, பிரியாணிப் பொட்டலம். கையில நம்ம புத்தகம். பள்ளத்துக்குள்ள எறங்கி, நெழலாவே நடந்து, நேரா மரத்தடிக்குப் போயிட்டாங்க. போன்ல இருவாச்சி சத்தம் போட்டு அதைக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிங்கிரி ஒத்தை ஆளா நின்னு வெரட்டுனாராம். ஒரு பக்கம் வெரட்டினா இன்னொரு பக்கம் வர்றாங்க. ஒருத்தரு புத்தகத்தைக் காட்டி, "இதுல போட்டிருக்குது, நீ யாருய்யா கேக்கறதுக்கு"ன்னு கேட்டிருக்காரு. அந்தப் புத்தகத்துல இருக்கற வெள்ளிங்கிரிதான் இவருன்னு அந்தாளுக்குத் தெரியலை. இவரும் சொல்லிக்கலை.

ஆம்பளைப் பறவை தூரத்துல ஒரு மரத்துல வந்து உக்காருமாம். கூட்டத்தைப் பாத்துட்டுப் பழத்தை வாயில வெச்சுக்கிட்டே திரும்பிப் போயிருமாம். பதினொரு நாள். எனக்கு ஒம்பதாம் நாள்தான் தகவல் வந்துச்சு. அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். மரத்தடியில முப்பது பேரு. போங்கய்யா, தயவு பண்ணிப் போங்கன்னு கத்தினேன். என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, "ஓணான் மாமா, ஒரு கையெழுத்து"ன்னு புத்தகத்தை நீட்டறாங்க. குழந்தை நீட்டறப்ப வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? போட்டேன். மேல அந்தக் கீத்துல மூக்கு அசையுது. நான் கீழ நின்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். அந்த மாதிரி ஒரு கையாலாகாத்தனம் என்ற வாழ்க்கையில நான் பட்டதில்லீங்க.

பதினொன்னாம் நாள் அந்தப் பொட்டை பூச்சை உடைச்சுட்டு வெளிய வந்துருச்சு. றெக்கையில எறகு இல்லை. கீழ விழுந்துருச்சு. வெள்ளிங்கிரி துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு ரேஞ்ச் ஆபீசுக்கு நடந்திருக்காரு, பாதி வழியிலயே போயிருச்சு. உள்ள ரெண்டு முட்டை.

பேப்பர்ல வந்துருச்சு. வந்தா விசாரணை வராம இருக்குமா? வெளியாளுக்கு மரத்தைக் காட்டுனது யாருன்னு ரேஞ்சர் கேட்டாராம். யாரும் வாயைத் தொறக்கலை. அவரு புத்தகத்தைப் பொரட்டிப் பாத்திருக்காரு. நாற்பதாம் பக்கம். பேரு, ஊரு, தேதி, நேரம். அந்தத் தேதியில வெள்ளிங்கிரிக்கு வேற பக்கத்துல ட்யூட்டி. நோட்டுலயும் அங்க போனதாத்தான் எழுதியிருக்காரு. பர்மிஷன் இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போனது ஒரு தப்பு, நோட்டுல பொய்யா எழுதுனது இன்னொரு தப்பு. நான் நல்லதுக்குத்தானுங்க போட்டேன் அந்தத் தேதியை.

அவரு வீட்டுக்குப் போனேன். போகாம இருக்க முடியலை. அஞ்சு புத்தகம் எடுத்துக்கிட்டுப் போனேன், வெறுங்கையோட எப்படிப் போறது. அவரு சம்சாரம் கட்டங்காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, என்ற மூஞ்சியைப் பாக்காம உள்ள போயிருச்சு. ஒரே பொண்ணு, மௌனிகா, அஞ்சாவது படிக்குது. அது ஓடி வந்து நம்ம புத்தகத்தைக் காட்டுது. காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, நாற்பதாம் பக்கத்துல ஒரு மயிலெறகு. "மாமா, எங்கப்பா பேரு அச்சுல வந்திருக்குது"ன்னு எனக்கே படிச்சுக் காட்டுது. நிறுத்தி நிறுத்தி, தேதியோட படிச்சுது.

வெள்ளிங்கிரி என்னை வெளிய வேலியோரம் கூட்டிட்டு வந்தாரு. அவரு என்கிட்ட அத்தனை வார்த்தை பேசுனது அன்னிக்குத்தான்.

"சார், நானாத்தான் தனியாப் போனேன்னு ரேஞ்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. பழகுன ஆளுன்னு மரியாதைக்குப் பேரைப் போட்டேன்னு சொல்லுங்க. லிஸ்ட்டு இந்த மாசக் கடைசியில போவுது. பத்து வருசமுங்க சார்."

"சொல்றேன் வெள்ளிங்கிரி. கண்டிப்பாச் சொல்றேன்."

"பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அதுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

நான் உறுதி குடுத்தேன் தம்பி. அதுல ஒரு சந்தேகமும் இல்லை. அன்னிக்கே உக்காந்து லெட்டர் எழுதினேன், நல்ல எழுத்துல, திருத்தம் இல்லாம. அப்புறம் ரேஞ்சருக்குப் போன் போட்டேன். நல்ல மனுசன் அவரு. "சார், எனக்கும் வெள்ளிங்கிரியை அனுப்ப மனசில்லை. லெட்டரெல்லாம் வேண்டாம். இருபத்தொண்ணாம் தேதி வன நாளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவீங்கல்ல, நானும் வர்றேன். தனியாத்தான் போனேன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எழுதி முடிச்சுக்கறேன். உங்களுக்கு அத்துமீறி நொழைஞ்சதுக்கு ஒரு அபராதம் வரும், அதோட போயிரும்"னாரு.

சரின்னுட்டேன். போனை வெச்சதுக்கப்புறம்தான் யோசனை ஓடுச்சுங்க. அத்துமீறி நொழைஞ்சவன்னு என் மேல கேஸ் இருந்தா நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிடும்? எனக்காக யோசிக்கலை. இந்தக் குழந்தைகளுக்குக் காட்டைப் பத்திச் சொல்ல வேற யாரு இருக்கா? அதுக்காகத்தான் யோசிச்சேன். இருந்தாலும் சொல்லிரலாம்னுதான் போனேன். லெட்டரும் பாக்கெட்டுலயே இருந்துது.

கல்லாத்துப்பதிக்குப் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடந்தான். மௌனிகா படிக்கறதும் அங்கதான். பந்தல் போட்டு, மைக்கு வெச்சு, டீச்சரம்மா எனக்கும் ரேஞ்சருக்கும் துண்டு போத்துனாங்க. காட்டிலாகா ஆளுக நாலஞ்சு பேரு பின்னாடி தண்ணி டிரம்முக்கிட்ட நின்னாங்க, அதுல வெள்ளிங்கிரியும். விசாரணை நடக்கற ஆளுன்னாலும் காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமப் போட்டிருந்தாரு. ரேஞ்சர் என்ற காதுக்கிட்ட, "விழா முடியட்டும், அந்த ரூம்ல உக்காந்து எழுதிக்கலாம்"னாரு. நானும் தலையாட்டினேன். அத்தனையும் சரியாத்தான் போயிட்டிருந்துது.

பேசினேன். அன்னிக்கு நல்லா வந்துச்சுங்க. மான் கத்தினேன், கருங்குரங்கு கத்தினேன், இருவாச்சி கத்தினேன். குழந்தைக கையைத் தட்டுது. கேள்வி கேக்கலாம்னு டீச்சரம்மா சொன்னாங்க. மூணாவது வரிசையில மௌனிகா எந்திரிச்சுது. கையில அந்தக் காக்கி அட்டைப் புத்தகம்.

"மாமா, நாற்பதாம் பக்கத்துல இருக்கறது எங்கப்பா. எங்கப்பாதான உங்களக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாரு? இவங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. வேற வெள்ளிங்கிரியா இருக்கும்னு சொல்றாங்க."

மைக்கு என்ற வாய்க்கிட்ட இருக்குது. ரேஞ்சர் நிமிந்து என்னைப் பாக்கறாரு. பின்னாடி டிரம்முக்கிட்ட வெள்ளிங்கிரி. அவரு தலையை அசைச்சாரு தம்பி. இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா. இல்லைன்னு சொல்லுங்கன்னு. எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. தெரியலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தக் குழந்தையோட மூஞ்சி. நூத்தியம்பது குழந்தைகளுக்கு நடுவுல அது நின்னுக்கிட்டிருக்குது. பதினாலு புத்தகத்துல குழந்தைகிட்ட ஒரு பொய் சொன்னதில்லை நான். எப்படிச் சொல்றது?

"ஆமா கண்ணு, உங்கப்பாதான்"னு சொன்னேன்.

ஒரே கைதட்டல். நூத்தியம்பதும் திரும்பி அதைப் பாக்குது. அது உக்காரவே இல்லை, நின்னுக்கிட்டே சிரிக்குது. அதோட நிறுத்தியிருக்கலாமோ என்னமோ. கேட்டுக்கிட்டிருக்கற மூஞ்சிகளைப் பாத்தா எனக்கு வாய் நிக்காதுங்க. எத்தனை மணிக்குக் கெளம்பினோம், அவரு என்ற பையை எப்படித் தூக்கிட்டு வந்தாரு, செக்போஸ்ட் பக்கம் எப்படிச் சத்தமில்லாமப் பள்ளத்துல எறங்கினோம், பாசிப்பாறையில என்னை எப்படிக் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டாரு, எல்லாம் சொன்னேன். பத்து நிமிசம் சொன்னேன். அவரு சனத்துல அந்த மாதிரி ஒரு ஆளை மேடையில வெச்சு யாரு அவ்வளவு ஒசத்திப் பேசியிருக்காங்க? டீச்சரம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. நான் உக்காந்தப்ப ரேஞ்சர் பேனாவை மூடிச் சட்டையில குத்திக்கிட்டிருந்தாரு.

"நீங்களே சொல்லீட்டீங்க சார்"னாரு. "இத்தனை பேரு கேட்டாச்சு. இனி நான் என்ன எழுதறது?"

லெட்டர் இருக்குதுங்கன்னு பாக்கெட்டுல இருந்து எடுத்து நீட்டினேன். அவரு வாங்கவே இல்லை.

விழா முடிஞ்சு வெள்ளிங்கிரியைத் தேடிப் போனேன். மௌனிகா அவரு கையைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வருது. கூட நாலு குழந்தைக, அவரு சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குதுக. திட்டியிருந்தாக் கூட வாங்கிக்கிட்டிருப்பேன். அவரு என்னைப் பாத்தாரு. "பாப்பா சந்தோசமா இருக்குதுங்க சார்"னாரு. அவ்வளவுதான். போயிட்டாரு. அதுல கோவம் இருந்துதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

அந்த மாசக் கடைசியில லிஸ்ட்டு போச்சு. அவரு பேரு இல்லை. வேலையும் போச்சு. நான் எங்கெங்கயோ அலைஞ்சேன் தம்பி, கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல வரிசையில நின்னேன், பெரிய ஆபீசருக்கு எழுதினேன். நீங்கதான சாட்சின்னு எல்லாரும் என்னையே காட்டறாங்க. இப்ப டவுன்ல ஒரு அப்பார்ட்மென்ட்ல செக்யூரிட்டியா இருக்காரு. போய்ப் பாத்தேன். நீல யூனிஃபார்ம், கேட்டுல ஒரு ஸ்டூலு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, யாரு வீட்டுக்கு வந்தீங்கன்னு கேட்டு நோட்டை நீட்டினாரு. நான் பேரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போறதுக்கு அங்க எனக்கு ஒரு வீடும் இல்லை. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தூசி. இந்த ஜன்னலை இப்படி மூடிக்குங்க.

போன வாரம் மௌனிகாகிட்ட இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. நோட்டுப் பேப்பர்ல, கோடு போட்டு எழுதியிருக்குது. 'அன்புள்ள ஓணான் மாமாவுக்கு. எங்கப்பாவுக்கு டவுன்ல வேலை கிடைச்சிருச்சு. மாசத்துக்கு ஒரு தடவைதான் வர்றாரு. எப்படிப்பா கிடைச்சுதுன்னு கேட்டேன். ஓணான் மாமா புத்தகத்துல என் பேரைப் போட்டதாலதான் கண்ணு இந்த வேலை வந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. ரொம்ப நன்றி மாமா.'

பதில் எழுதலாம்னு நாலு நாளா உக்காந்து பாத்துட்டேன். உங்கப்பா சொன்னது பொய்யின்னு எழுதலாம்னா, அதுவும் முடியலீங்க. எத்தனை வாட்டி படிச்சுப் பாத்தாலும் அவரு சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை தம்பி.